பூனையின் சேட்டைக்கு எது கைகொடுக்கும்: அதட்டலா, தண்ணீரா, தீனியா?

பூனை வந்து சில மாதங்கள் போனதும் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு எழும். சோபாவின் கைப்பகுதி கிழிந்து பஞ்சு வெளியே வந்திருக்கும். மேடையில் மூடி வைத்த வறுத்த மீனில் ஒரு துண்டு குறையும். துவைத்து மடித்த போர்வையில் மூத்திர வாடை அடிக்கும். உடனே ஆளுக்கு ஒரு யோசனை. "துடைப்பத்தால ரெண்டு போடு, அடங்கிடும்" என்பார் பாட்டி. "ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிடா" என்பான் நண்பன். "பாத்ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க, தானா வழிக்கு வரும்" என்பார் எதிர்வீட்டு அக்கா. வேறு சிலர் தீனி கொடுத்துப் பழக்கலாம் என்பார்கள். அதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டனை வகையில் வரும் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பூனை பாவம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தண்டனை பூனையிடம் பலிப்பதில்லை. சேட்டைக்குச் சேட்டை வழி மாறும் என்பதால், எந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் டாக்டர்

பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் ட்ரேயில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று கட்டிலிலோ மிதியடியிலோ சிறுநீர் கழித்தால் அதைச் சேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, வயதான பூனைக்கு மூட்டுவலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சிறுநீர் போகும்போது வலித்தால் பூனை அந்த வலியை ட்ரேயோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு ட்ரேயை விட்டுவிட்டு மெத்தென்ற துணியைத் தேடிப் போகிறது. நமக்கு அது பழிவாங்குவது போலத் தெரிகிறது.

ஆண் பூனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ட்ரேயில் ஏறி உட்காரும், முதுகை வளைத்து முக்கும், இறங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஏறும். மணலைத் தொட்டுப் பார்த்தால் ஈரமே இருக்காது. பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும், நடுநடுவே முனகும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். படிகமோ சளி போன்ற கட்டியோ அதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து இருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவாக இருந்தாலும் திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடிக் கிளம்ப வேண்டிய நேரம் அது.

பரிசோதனையில் கிருமியோ கல்லோ தெரியாத சிறுநீர்ப்பை அழற்சியும் பூனைகளுக்கு நிறைய வருகிறது. மன அழுத்தம் அதைக் கூட்டுகிறது. புதுக் குழந்தை, வீடு மாற்றம், பக்கத்தில் கட்டட வேலை, இன்னொரு பூனையின் வரவு எல்லாமே அழுத்தம்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், ஒழுங்கான விளையாட்டு நேரம் என்று வீட்டுச் சூழலைச் சரிசெய்தபோது நோயின் அறிகுறிகள் குறைந்ததை அவர் குழு பதிவு செய்தது. இப்படி ஒரு நோயில் இருக்கும் பூனையைத் துடைப்பத்தால் மிரட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தம் கூடும், நோய் கூடும், போர்வை இன்னும் அதிகமாக நனையும்.

சுவர் நனைவது வேறு விஷயம். வாலைத் தூக்கி நடுங்கவிட்டபடி, நின்ற நிலையில் சுவரிலோ பீரோவிலோ பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை ஆகாத ஆண் பூனைதான் இதைப் பெரும்பாலும் செய்யும். ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் இதை விட்டுவிடுகின்றன, அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. இரவெல்லாம் கத்தித் தீர்க்கும் பெண் பூனைக்கும் இதுதான் வழி. அது இணை தேடும் பருவத்தின் கத்தல், அதட்டினால் நிற்காது. நான்கைந்து மாத வயதிலேயே செய்துவிடலாம். தனியார் கிளினிக்கின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் விசாரிக்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளையும் செலவையும் பலனையும் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், கருத்தடையைத்தான் நான் முதலில் வைப்பேன்.

உடம்பு சரியாக இருந்தும் ட்ரேயை ஒதுக்கினால், குறை ட்ரேயில் இருக்கிறது. பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது ட்ரே இருக்க வேண்டும். கடையில் பூனைக்கென்று விற்கும் பல ட்ரேக்கள் சிறியவை. துணி போட வைத்திருக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் அதைவிட நல்லது, ஒரு பக்கத்தை மட்டும் தாழ வெட்டிவிடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு ட்ரே, இரண்டு பூனைக்கு மூன்று என்பது பொதுக் கணக்கு. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். திடீரென்று அது உறுமும்போது உள்ளே இருக்கும் பூனை ஒருமுறை பயந்தால் போதும், திரும்ப வராது. வாசனை மணல் நமக்குப் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. தினமும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்புறம், பினாயில். நம் வீடுகளில் மூத்திரம் என்றாலே கை அதைத்தான் தேடும். பூனையின் கல்லீரலால் ஃபீனால் வகைப் பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். டெட்டால் வகைக் கிருமிநாசினிக்கும் இது பொருந்தும். பூனை வரக்கூடாது என்று மூலையில் போடும் அந்துருண்டையும் விஷம். என்சைம் கலந்த க்ளீனர் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் துணிகளைச் சாதாரண சோப்புத் தூள் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவையுங்கள். வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும்.

அடி, அதட்டல், தண்ணீர்

இவை மூன்றையும் சேர்த்தே பேசலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே இடத்தில் தோற்கின்றன.

நாயின் மூதாதைகள் கூட்டமாக வாழ்ந்தவை. பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தனியாக வேட்டையாடித் திரிந்த காட்டுப்பூனை. தலைவனுக்கு அடங்கிப் போகும் பழக்கம் அதன் பரம்பரையில் இல்லை. 'நான்தான் பெரியவன் என்று காட்ட வேண்டும்' என்ற யோசனையைப் பூனையிடம் எடுத்துப் போனால் அதற்குத் தெரிவதெல்லாம் பெரிய உருவம் ஒன்று தன்னைத் தாக்குகிறது என்பதுதான்.

ஆனால் பூனை கற்றுக்கொள்ளும், அதுவும் நன்றாகவே. 1898-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பசித்த பூனைகளை மரக்கூண்டுகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். கம்பியை இழுத்தாலோ பலகையை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை முதலில் எல்லா இடத்தையும் பிறாண்டியது, தற்செயலாக ஒருமுறை கதவு திறந்தது. திரும்பத் திரும்ப அடைத்தபோது வெளியே வர ஆன நேரம் குறைந்துகொண்டே போனது. நல்ல பலன் தந்த செயலைப் பூனை பிடித்துக்கொள்கிறது, பலன் தராததை விட்டுவிடுகிறது. கிச்சன் மேடையில் ஏறியபோது ஒருமுறை மீன் கிடைத்தது என்றால் அந்தப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

பலன் உடனே வர வேண்டும், ஓரிரு நொடிக்குள். வேலையிலிருந்து வந்து, மதியம் கிழித்த திரைச்சீலையைக் காட்டிப் பூனையை அதட்டினால், அது திரைச்சீலையோடு அந்த அதட்டலைச் சேர்க்காது. 'இவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் சத்தம் போடுவார்' என்று உங்களோடு சேர்த்துக்கொள்ளும்.

அடிப்பதை எந்த நிலையிலும் என்னால் ஏற்க முடியாது. மூன்று நான்கு கிலோ எடையுள்ள உயிர் அது, நம் கையின் வேகத்தை அதனால் தாங்க முடியாது. பயந்த பூனை ஒளியும். ஒளிய இடம் இல்லாவிட்டால் கடிக்கும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும், நம் ஊரில் ரேபிஸ் தடுப்பூசிக்கும் ஓட வேண்டியிருக்கும். பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் இதே வகைதான். தாய்ப்பூனை அப்படித் தூக்குவது சில வாரக் குட்டியை. வளர்ந்த பூனையை அப்படித் தூக்கக் கூடாது என்பதே இன்றைய பூனை மருத்துவர்களின் நிலைப்பாடு. மிளகாய்ப் பொடி தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாதத்தில் ஒட்டி, அங்கிருந்து கண்ணுக்கும் வாய்க்கும் போகும். நேரான கொடுமை அது.

தண்ணீர் அடிப்பதில் காயம் இல்லை என்பதால் பலர் அதை மென்மையான வழி என்று நினைக்கிறார்கள். பாட்டிலைக் கையில் எடுத்ததும் பூனை மேடையிலிருந்து குதித்து ஓடும், நமக்கும் வேலை செய்ததாகத் தோன்றும். ஆனால் அது கற்றுக்கொண்டது, பாட்டில் இருக்கும்போது ஏறக்கூடாது என்பதை மட்டுமே. நீங்கள் தூங்கியதும் ஏறும். கொஞ்ச நாளில் நீங்கள் கையை உயர்த்தினாலே நடுங்கும் பூனையும் உண்டு. சோபாவின் மேல் ஒட்டும் இருபக்க டேப், மேடை விளிம்பில் விரிக்கும் அலுமினியத் தாள் போன்றவை இதைவிட மேல், ஏனென்றால் அவற்றோடு உங்கள் முகம் சேர்வதில்லை. அவையும் சில வாரங்களுக்கு மட்டும். அதற்குள் பூனைக்கு வேறு இடம் காட்டியிருக்க வேண்டும்.

அதட்டலில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோவின் குழு 2019-ல் காட்டியது. பெயரைச் சொல்லித் திட்டினால், பெயரைக் கேட்டாலே ஓடும் பழக்கம் வரும். நாளைக்கு அது வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டால் எதைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

தனியறையும் மௌனமும்

தண்டனை போலத் தெரிந்தாலும் இவை இரண்டுக்கும் குறிப்பிட்ட இடத்தில் பயன் இருக்கிறது.

தனியறை விளையாட்டுக் கடிக்குச் சரி, ஆனால் எதிர்வீட்டு அக்கா சொன்ன மாதிரி வேண்டாம். கடித்த பூனையைத் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூமில் விட்டால், தூக்கும் போராட்டமே அதற்கு இன்னொரு சண்டை. நீங்கள் எழுந்து போங்கள். கடி விழுந்த அந்த நொடியில் சத்தம் போடாமல், கையை உருவிக்கொண்டு அறையை விட்டு வெளியேறி ஒன்றிரண்டு நிமிடம் கதவைச் சாத்தினால் போதும். கடித்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அதற்குப் புரியும். தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் விட்டு எட்டு வாரத்துக்கு முன்பே பிரிந்த குட்டிகள் கடியின் அளவைக் கற்றிருக்காது, அவற்றுக்கு இது கொஞ்ச காலம் பிடிக்கும். கையை வைத்து விளையாடுவதை வீட்டில் எல்லாரும் நிறுத்த வேண்டும். குச்சியில் கயிறு கட்டி, நுனியில் துணி முடிச்சு வைத்து ஆட்டுங்கள். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

தடவிக்கொடுக்கும்போது திடீரென்று கடிக்கும் பூனைக்கு எந்தத் தண்டனையும் தேவையில்லை. அது முன்பே சொல்லியிருக்கும்: வால் நுனி வெடுக் வெடுக்கென்று அசையும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் மடியும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் கடி இல்லை. குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

கண்டுகொள்ளாமல் இருப்பது விடியற்காலைக் கத்தலுக்கு உதவும். பூனை இயல்பிலேயே விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பானது. ஐந்து மணிக்குக் கத்தியது, நீங்கள் எழுந்து கிண்ணத்தை நிரப்பினீர்கள் என்றால் அது கத்தலுக்குக் கிடைத்த கூலி. நிறுத்த நினைத்தால் முதல் சில நாள் கத்தல் கூடும். அப்போது மனமிரங்கி எழுந்தால் இன்னும் நீளமாகக் கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். உறுதியாக இருக்க முடியாது என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம். மௌனம் தனியாகவும் போதாது. படுக்கும் முன் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு விளையாடி, அதன் பிறகு கடைசிச் சாப்பாட்டைக் கொடுத்தால் வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்ற அதன் சுழற்சி நம் இரவோடு பொருந்தும். பத்து வயது தாண்டிய பூனை புதிதாக இரவில் ஓலமிட்டால் மட்டும் மௌனம் கூடாது. தைராய்டு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

வேறு இடம் கொடுப்பது, தீனி கொடுத்துப் பழக்குவது

என் தேர்வு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

சோபாவைப் பிறாண்டுவது பூனைக்குச் சேட்டையே இல்லை. நகத்தின் மேல்தோட்டை உதிர்க்க, முதுகையும் தோளையும் நீட்டி முறிக்க, பாதத்தில் இருக்கும் சுரப்பியின் வாசனையைப் பதிக்க அது பிறாண்டியே ஆக வேண்டும். எனவே நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். கடையில் விற்கும் பிறாண்டும் கம்பங்கள் பெரும்பாலும் குட்டையானவை, சாய்ந்தும் விடும். மூன்றடி உயரமுள்ள கனமான கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஆணியடித்து, அகலமான அடிப்பலகையில் நிறுத்தினால் அதைவிட நன்றாக இருக்கும். ஆணித் தலை வெளியே தெரியக் கூடாது. அதை மூலையில் ஒளித்து வைக்காமல், பூனை தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில், கிழிபடும் சோபாவை ஒட்டியே வையுங்கள். எழுந்ததும் பின்காலை ஊன்றி, முன்காலை உயர நீட்டிக் கயிற்றில் நகம் பதிக்கும் அந்தக் கணத்தில் ஒரு துண்டு தீனி கொடுங்கள். படுத்தவாக்கில் தரைவிரிப்பைப் பிறாண்டும் பூனை என்றால் பழைய சாக்கைப் பலகையில் இறுக்கி விரித்தால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் வெட்டிவிடலாம்.

நகத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று வெளிநாட்டு உறவினர் யாராவது சொல்லியிருக்கலாம். அந்த ஆபரேஷனில் நகத்தோடு ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் வெட்டப்படுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் முதலாவதாக அதைத் தடைசெய்தது, பிரிட்டனில் அதற்கு முன்பே தடை. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மேடை ஏறும் பூனைக்கு வருவோம். மீன் வெட்டும் நேரம்தான் நம் வீடுகளில் பெரிய சோதனை. அரிவாள்மனை எடுக்கும் சத்தம் கேட்டதுமே அது வந்து நிற்கும், காலைச் சுற்றும், இரண்டாவது செதில் விழும் முன் மேடையில் இருக்கும். எரியும் அடுப்பு பக்கத்தில் இருப்பதால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. கதவு இருக்கும் சமையலறை என்றால் சாத்திவிடுங்கள். ஹாலோடு சேர்ந்த சமையலறை என்றால், மேடை தெரியும்படி சற்றுத் தள்ளி ஒரு உயரமான ஸ்டூல் போட்டு, மேலே சாக்கு விரித்து அதை அதன் இடமாக்குங்கள். வேடிக்கை பார்ப்பதற்காக மேலே ஏறும் பூனைக்கு இதுவே பாதித் தீர்வு.

மீதிப் பாதி பயிற்சி. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைத் துவரம்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூனை ஸ்டூலில் கால் வைத்த நொடியில் பால்பாயின்ட் பேனாவை ஒருமுறை டிக்கென்று அழுத்தி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். 'இதற்காகத்தான் கிடைத்தது' என்று அந்தச் சத்தம் அதற்குக் காட்டிக்கொடுக்கும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், பசியோடு இருக்கும் நேரமாகப் பாருங்கள். முதலில் மீன் இல்லாத நேரத்தில் பழக்கி, ஸ்டூலில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, அப்புறம் மீனோடு முயலுங்கள். மேடையில் உணவைத் திறந்து வைக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்தது, ஒருமுறை அங்கே கிடைத்தால் பழகியது பின்னே போகும். தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இந்த வழியின் குறை நேரம்தான். தண்ணீர் அடிப்பதற்கு ஒரு நொடி போதும், இதற்குச் சில வாரம் தேவை. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டும். நீங்கள் ஸ்டூலில் பழக்கும்போது தாத்தா சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஊட்டினால் பூனை தாத்தாவின் வழியைத்தான் பின்பற்றும். ஆனாலும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் பலன் தரும் வழி இது ஒன்றுதான்.

பூனையின் உடம்பு சுரக்கும் வாசனைப் பொருளான ஃபெரோமோனைச் செயற்கையாகத் தயாரித்து, மின் ப்ளக்கில் செருகி அறையில் பரவவிடும் கருவிகளும் பூனையின் மனதை அமைதிப்படுத்தும் என்று விற்கின்றன. ஆய்வு முடிவுகள் கலவையாக இருக்கின்றன, விலையும் அதிகம். அந்தப் பணத்துக்கு இரண்டாவது ட்ரேயும் கயிறு சுற்றிய கட்டையும் வாங்குங்கள் என்பேன்.

கடைசியாக, சாக்கில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள். பட்டினிக்கு ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அதில் உள்ள அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான் என்பது வேதனை. வீட்டுக் கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்த பூனைக்கு வேட்டையும் தெரியாது, அந்தத் தெருவின் மற்ற பூனைகள் அதை நிற்கவும் விடாது. நிஜமாகவே வளர்க்க முடியாத நிலை என்றால், அதன் பழக்கங்களை ஒளிக்காமல் சொல்லி, ஏற்கத் தயாராக இருக்கும் ஒரு வீட்டைத் தேடுங்கள்.

எல்லாம் ஒரு மாதம் செய்தும் மாற்றமில்லை என்றால், பூனை அந்தச் சேட்டையைச் செய்யும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போங்கள். கிளினிக் மேஜையில் பூனை உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும், அங்கே எதுவும் தெரியாது. அந்த வீடியோவைத்தான் அவர் பார்க்க வேண்டும்.